நூற்றிருபது பிராயம் நடந்த திருவடிகள்

இவ்வாண்டு ப்ரஹ்மோத்ஸவ மலருக்கு அடியேனும் ஒரு வியாஸம் எழுதித் தரவேண்டுமென்று மலர்க்குழுவினர் நியமித்தபோது, எம்பெருமானாருடைய ஸ்ரீபாஷ்யத்தின் பெருமையைப் பற்றி எழுதலாமென்றுதான் முதலில் எண்ணினேன். அதை எழுதவல்ல வித்வான்கள் பலர் இருக்கிறார்கள். ஸந்நிதி வாசலில் நின்று தீர்த்தமும் ஸ்ரீசடகோபமும் ஸாதிக்கிற அடியேன் கண்ணில் ஒவ்வோர் உத்ஸவத்திலும் படுவது வேறொன்று. எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருத்தி வெறுங்காலோடு மூன்று ப்ராகாரமும் சுற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் வந்து கையேந்தி நிற்பாள். அறுபதைக்கூட எட்டாத ஒருவர் கொடிமரத்தடியிலேயே உட்கார்ந்து, உள்ளே வரை வண்டி ஏதும் வராதா என்று பரிசாரகரைக் கேட்டுக்கொண்டிருப்பார். வயதாகிவிட்டது, இனிமேல் வீட்டிலிருந்தபடியே ஸேவித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று விடைபெற்றுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அப்படிப் போனவர்களில் சிலரை மறு வருஷம் காண்பதில்லை. அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். எம்பெருமானாருடைய திருவுள்ளத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவருடைய திருமேனி நூற்றிருபது ஆண்டுகள் எப்படி உழைத்தது என்பதை இம்முறை சற்று நினைத்துப் பார்ப்போம்.

இப்படிச் சொன்னவுடன் பெரியோர் சிலர் ஒரு ஆக்ஷேபம் சொல்வார்கள். அவர் ஆதிசேஷனுடைய அவதாரம், அவருக்கு மூப்பேது, களைப்பேது என்பார்கள். அவதாரம் என்பதில் அடியேனுக்கும் ஐயமில்லை. ஆனால் குருபரம்பரை நூல்களை எழுதிவைத்த பூர்வர்கள் அவருடைய பசியை மறைக்கவில்லை, களைப்பை மறைக்கவில்லை, ஒருவர் தோளைப் பற்றிக்கொண்டு நடந்ததையும் மறைக்கவில்லை. அவதாரம் என்று சொல்லி ஒதுக்கிவிட வேண்டுமென்று அவர்கள் நினைத்திருந்தால் இவற்றையெல்லாம் எழுதியிருக்க வேண்டியதில்லையே. ஆகவே, மனிதத் திருமேனி எடுத்து வந்தவர் அந்தத் திருமேனியை எப்படி நடத்திக்கொண்டார் என்று பார்ப்பதில் அபசாரம் ஒன்றுமில்லை என்றே எண்ணுகிறேன்.

அவர் ஸ்ரீபெரும்பூதூரில் திருவவதரித்தது 1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம், சித்திரைத் திருவாதிரை. ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மைக்கும் திருக்குமாரர். இளையாழ்வார் என்று பெயர் பெற்ற அவர் காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்ரகாசரிடம் வாசித்ததும், குருவுக்கும் சிஷ்யருக்கும் வேதாந்த வாக்யங்களின் பொருளில் பேதம் வந்ததும், வடதேச யாத்திரை என்ற பெயரில் விந்திய வனத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டதும், அங்கே நேரவிருந்த ஆபத்திலிருந்து தப்பித் தனியே நடந்ததும் நீங்கள் அறிந்த கதைகளே. வேடனும் வேடுவச்சியுமாக வந்து வழிகாட்டியவர்கள் தண்ணீர் கேட்டதாகவும், கொண்டுவந்து கொடுப்பதற்குள் மறைந்துவிட்டதாகவும், விடிந்து பார்த்தால் காஞ்சியின் எல்லையில் நின்றதாகவும் சொல்வர். அதற்குப் பின் நடந்ததையே அடியேன் இங்கே குறித்துக்கொள்ள விரும்புகிறேன். அன்றுமுதல் செவிலிமேட்டுச் சாலைக்கிணற்றிலிருந்து பேரருளாளனுக்குத் தீர்த்தம் எடுத்துவருவதைத் தம் நித்ய கைங்கர்யமாக அவர் வைத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே உள்ள கிணறு அது. நிறைந்த குடத்தைத் தோளில் வைத்துத் தினமும் நடப்பது சிறிய காரியமல்ல. வேதாந்தத்தில் ஆசிரியரையே மடக்கிய ஒரு இளைஞர் குடம் சுமப்பதைக் குறைவாக நினைக்கவில்லை. பிற்காலத்தில் நாம் காணப்போகும் எண்பது வயதுக் கால்களுக்கு அஸ்திவாரம் இந்தக் கிணற்றடியில்தான் போடப்பட்டது.

ஸந்யாஸம் பெற்றுத் திருவரங்கத்துக்கு எழுந்தருளிய பின், ஆளவந்தாருடைய சிஷ்யர்களிடம் தனித்தனியே அர்த்தங்களைக் கேட்டறிந்தார். பெரிய நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், திருமலை நம்பி ஆகிய ஐவரிடமும் கேட்டுக்கொண்டதில், புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதைவிட நடந்தும் பணி செய்தும் கேட்டதே அதிகம். அரையருக்கு ஆறு மாதம் பால் காய்ச்சிக் கொடுத்தும், மஞ்சள் காப்பு அரைத்துச் சாத்தியும் பணிவிடை செய்தார். காப்பின் பதம் அவர் திருவுள்ளத்துக்குச் சரியாக அமையாதபோது மறுபடி அரைத்தார் என்கிறார்கள். ஸந்யாஸியாய், ஒரு பெரிய கோயிலின் நிர்வாகத்தையே கையில் வைத்திருந்தவர் அம்மியின் முன் உட்கார்ந்த காட்சியை நினைத்துப் பாருங்கள்.

திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்த கதை குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் பதினெட்டு என்று வாயால் சொல்லிவிடுகிறோமே தவிரக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். போக வர 200. பதினெட்டு முறைக்கு 3,600 கிலோமீட்டர் ஆகிறது. புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் பூமியும் முள்ளும் வெயிலும் அறிந்தவர்களுக்கு அந்த நடை என்னவென்று தெரியும். பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். திரும்பி நடக்கிற நடைதான் கால்களுக்கு அதிகப் பாரம். போகும்போது ஆசை தூக்கிக்கொண்டு போகும். வரும்போது தூக்க ஒன்றுமிருக்காது.

இந்த நடையைக் கற்றுக்கொடுத்த ஆசார்யர்களும் நடந்தவர்களே. திருமலை நம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவேங்கடமுடையானுக்கு அபிஷேக தீர்த்தம் பாபவிநாசத்திலிருந்து சுமந்து வந்துகொண்டிருந்தவர் அவர். வயோதிகத்தில் அவர் படும் ச்ரமத்தைக் கண்டு எம்பெருமானே வேடுவச் சிறுவனாக வந்து, தாத்தா என்றழைத்துத் தண்ணீர் கேட்டுக் குடத்தைத் துளைத்துக் குடித்தான். பின் அம்பெய்து ஆகாசகங்கையை அருகிலேயே காட்டிக்கொடுத்தான் என்பது ஐதிஹ்யம். அடியேனுக்கு இதில் மிகவும் ரஸமான விஷயம் ஒன்றுண்டு. பெருமான் தூரத்தைத்தான் குறைத்தான், சுமையை எடுத்துவிடவில்லை. இனி வேண்டாம், உட்கார்ந்திரு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த நம்பி, மருமானாகிய எம்பெருமானார் முதன்முதலாகத் திருமலைக்கு வந்தபோது தாமே ப்ரஸாதத்தை எடுத்துக்கொண்டு வழியில் எதிர்கொண்டார். இவ்வளவு முதியவர் வரவேண்டுமா, சிறியவர் ஒருவரை அனுப்பியிருக்கக் கூடாதா என்று எம்பெருமானார் கேட்டதற்கு, நான்கு வீதியும் தேடியும் தம்மைவிடச் சிறியவர் கிடைக்கவில்லை என்று நம்பி மறுமொழி கூறினாராம். இதை விநயத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். முதுமையிலும் பிறரை ஏவாமல் தாமே எழுந்து வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பின்னர் ஓராண்டு காலம் எம்பெருமானாருக்கு ஸ்ரீராமாயணத்தின் பொருளை உபதேசித்தது மலையடிவாரத்தில். அதற்காக நம்பி மலையிலிருந்து இறங்கி வந்து, மறுபடி ஏறிப் போவார். இன்று அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஒழுங்காகக் கட்டி, கூரையும் வேய்ந்து, குடிநீரும் வைத்திருக்கிறார்கள். அன்று காட்டுப்பாதை. மலையே ஆதிசேஷ ஸ்வரூபமென்று காலால் மிதிக்கக் கூசி, எம்பெருமானார் முழங்காலாலேயே ஏறினார் என்றும் சொல்வர்.

திருக்கோஷ்டியூர் நம்பியின் நடையையும் சொல்லாமல் விடமுடியாது. திருவரங்கத்தில் மாதுகரம் எடுத்து, அதாவது ஏழு வீடுகளில் கிடைத்ததை வாங்கி அமுது செய்து வந்தவர் எம்பெருமானார். கோயில் நிர்வாகத்தில் அவர் செய்த சீர்திருத்தம் பொறாதவர்கள் ஒரு வீட்டில் அந்த அன்னத்தில் விஷம் கலக்க ஏற்பாடு செய்தார்கள். அவ்வீட்டு அம்மையின் முகக்குறிப்பால் அறிந்து அவர் தப்பினார். ஆனால் அதன்பின் அன்னம் கொள்ளாமல் உபவாஸம் இருந்துவிட்டார். செய்தி கேட்ட திருக்கோஷ்டியூர் நம்பி, தம் முதிய வயதில், அதே 100 கிலோமீட்டரைக் கடந்து திருவரங்கத்துக்கு எழுந்தருளினார். உச்சி வேளை. கொதிக்கும் காவேரி மணலில் எதிர்கொண்ட எம்பெருமானார் தண்டனிட்டபடி கிடக்க, நம்பி எழுந்திருக்கச் சொல்லவில்லை. பொறுக்கமாட்டாமல் கிடாம்பி ஆச்சான் ஓடிவந்து, ஆசார்யனைத் தம் மேல் ஏறிட்டுக்கொண்டு மணலில் தாம் கிடந்தார். உடையவருடைய திருமேனியில் இவ்வளவு பரிவுள்ள ஒருவரைத் தேடியே தாம் வந்ததாகச் சொல்லி, இனி அவருக்குத் தளிகை செய்யும் பொறுப்பை ஆச்சானிடமே நம்பி ஒப்படைத்தார். ஒரு வயோதிகர் நடந்து வந்ததால் இன்னொருவர் உணவு கொள்ளத் தொடங்கினார் என்பது இதன் சுருக்கம்.

போதாயன வ்ருத்தியைத் தேடிக் கூரத்தாழ்வானுடன் காச்மீரம் சென்று வந்ததும், திக்விஜயமாகத் தெற்கே திருக்குறுங்குடியிலிருந்து வடக்கே பல திவ்யதேசங்கள் வரை எழுந்தருளியதும் விரிவாக எழுதினால் இம்மலர் முழுவதும் போதாது. காச்மீரம் திருவரங்கத்திலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். நமக்கு வேண்டியது முதுமை.

சைவப் பற்று மிகுந்த சோழ மன்னன் ஒருவன் எம்பெருமானாரைத் தன் ஸபைக்கு வரவழைக்க ஆள் அனுப்பினான். போனால் உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்த கூரத்தாழ்வான், ஆசார்யனுடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு முன்னே புறப்பட்டுவிட்டார். பெரிய நம்பியும் உடன் சென்றார். பெரிய நம்பிக்கு அப்போது 105 பிராயம் என்று ஸம்ப்ரதாயம். நூற்றைந்து வயதுக் கால்கள், திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தே, தம் சிஷ்யனுக்குப் பதிலாக நடந்தன. அங்கே இருவருக்கும் கண்கள் போயின. திரும்பும் வழியில், பெண்பிள்ளை அத்துழாய் உடனிருக்க, கூரத்தாழ்வான் மடியில் தலைசாய்த்துப் பெரிய நம்பி திருநாடு அலங்கரித்தார். முதுமையில் உடல் வலிமையோடு இருந்தால் ஆபத்து அணுகாது என்று யாராவது நினைத்தால், இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். அவருடைய வலிமை அவரைக் காக்கவில்லை, வேறொருவரைக் காத்தது.

காக்கப்பட்டவர் வெள்ளை வஸ்த்ரம் தரித்து, சிஷ்யர்கள் சிலரோடு மேற்கே காட்டு வழியில் நடந்துகொண்டிருந்தார். எண்பது பிராயம் கடந்திருந்தது. மழையும் காற்றுமாக ஆறு நாள் அன்னமில்லாமல் நடந்தார்கள். கல்லும் முள்ளும் கால்களைக் கிழித்தன. நீலகிரிச் சாரலில் விளக்கொளியைக் கண்டு நெருங்கினால், அது வேடர்களின் குடியிருப்பு. அவர்கள் நல்லான் சக்ரவர்த்தியிடம் உபதேசம் பெற்றவர்கள். திருவரங்கத்திலிருந்து வருகிறவர்கள் என்று கேட்டவுடன் தேனும் தினைமாவும் கொண்டுவந்து கொடுத்து, தீ மூட்டிக் குளிர் காயவைத்தார்கள். மறுநாள் வழிகாட்டி அனுப்பினார்கள். அடுத்து கொங்குப்பிராட்டி என்னும் அம்மையாரின் அகத்தில் அமுது செய்தார்கள். காடு கடந்து கன்னட தேசத்தில் மிர்லே, ஸாலிக்ராமம் என்னும் ஊர்களை அடைந்து, பின் தொண்டனூருக்கு எழுந்தருளினார். ஹொய்ஸள மன்னன் பிட்டிதேவன் சரணடைந்து விஷ்ணுவர்த்தனன் என்று பெயர் பெற்றது அங்கேதான்.

எண்பது வயதில் வீட்டையும் கோயிலையும் சிஷ்யர்களையும் இழந்து, பாஷை தெரியாத தேசத்துக்கு வந்த ஒருவர் என்ன செய்வார்? ஒரு மூலையில் அமர்ந்து ஜபம் செய்துகொண்டு காலத்தைக் கழித்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். இவர் ஏரி கட்டினார். இரு மலைகளுக்கு நடுவே கரை எழுப்பி நீரைத் தேக்கச் செய்தவர் அவரே என்பது தொண்டனூர் வழக்கு. பெரிய ஏரி, இன்றும் நிறைகிறது. அடுத்து, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலுள்ள யாதவாத்ரிக்கு, மேல்கோட்டை என்று இப்போது வழங்கும் திருநாராயணபுரத்துக்கு ஏறினார். அங்கே கிடைக்குமென்று ஸ்வப்நத்தில் அறிந்த திருமண்ணைத் தேடினார். புற்றில் மறைந்திருந்த திருநாராயணனை வெளிப்படுத்தி, காடு திருத்தி, கோயில் எடுப்பித்து, தை மாதத்தில் புனர்பூசத்தில் ப்ரதிஷ்டை செய்வித்தார். திருவரங்கத்தில் தாம் ஏற்படுத்திய கோயில் ஒழுங்கு முழுவதையும் ஆரம்பத்திலிருந்து மறுபடி இங்கே அமைத்தார். ஒரே காரியத்தை ஓர் ஆயுளில் இரண்டு முறை, இரண்டாவது முறையை எண்பதுக்குமேல் செய்தவர் வேறு யாரென்று அடியேனுக்குத் தோன்றவில்லை.

மூலவர் கிடைத்தார், உத்ஸவர் இல்லை. ராமப்ரியர் என்னும் அந்த உத்ஸவ விக்ரஹம் டில்லியில் பாதுஷாவின் மாளிகையில் இருப்பதாக அறிந்து, அங்கும் தாமே எழுந்தருளினார் என்று குருபரம்பரை கூறுகிறது. போக வர நாலாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். யாரையாவது அனுப்பியிருக்கலாம், அருகில் வலிய வாலிபர்கள் பலர் இருந்தார்கள். திருமலை நம்பியிடம் பாடம் கேட்டவரல்லவா! அந்த விக்ரஹத்திடம் உயிரையே வைத்திருந்த ராஜகுமாரியின் அந்தரங்கத்திலிருந்து, செல்வப்பிள்ளை என்று இவர் அழைக்க, சதங்கை ஒலிக்க வந்து மடியில் அமர்ந்தான் என்பர். பிரிவு தாங்காமல் பின்தொடர்ந்து வந்த அவளுக்குப் பீபீ நாச்சியார் என்று திருநாமம் சாற்றி, அவன் திருவடியிலேயே இடம் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் கள்வர் பயம் வந்தபோது துணை நின்று எம்பெருமானைச் சுமந்தவர்கள், தீண்டத்தகாதவர் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, உத்ஸவ காலத்தில் கோயிலுக்குள் வரும் உரிமையையும் ஏற்படுத்தினார். தாமே சுமக்க முடியாத இடத்தில் சுமந்தவர்களை அவர் மறக்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் அங்கே கழித்துத் திருவரங்கம் திரும்பினார். திரும்பிய மகிழ்ச்சியோடு துக்கமும் காத்திருந்தது. பெரிய நம்பி இல்லை. கூரத்தாழ்வான் கண்ணிழந்து நின்றார். சில காலத்தில் அவரும் ஆசார்யனுக்கு முன்பாகவே பரமபதித்தார். நீண்ட ஆயுள் வேண்டுமென்று ஆசீர்வாதம் கேட்கிறவர்கள் அடியேனிடம் தினமும் வருகிறார்கள். நீண்ட ஆயுளில் இதுவும் அடங்கியிருக்கிறது என்று அவர்களிடம் சொல்லத் தோன்றும். உத்ஸவ நாளில் சொல்வதில்லை.

இந்தக் காலத்து அவருடைய தினசரி வாழ்க்கையிலிருந்து இரண்டு காட்சிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. முதலாவது, காவேரிக்குப் போவது. தள்ளாமையைக் காரணமாக்கி மடத்துக்குள் வெந்நீர் வைக்கச் சொல்லாமல், தினமும் ஆற்றுக்கு நடந்து நீராடினார். போகும்போது முதலியாண்டான் தோளைப் பற்றிக்கொள்வார். நீராடித் திரும்பும்போது பிள்ளை உறங்காவில்லி தாஸர் தோளைப் பற்றிக்கொள்வார். தாஸர் மல்லராய் இருந்தவர், ப்ராஹ்மணர் அல்லர். நீராடிய பின்பா அவரைத் தொடுவது என்று முணுமுணுத்தவர்களுக்கு, குலச் செருக்கு சிறிதுமற்ற அவரைத் தொட்டபின்தான் தாம் முழுமையாகச் சுத்தியடைவதாக உணர்த்தினார். இந்த வ்ருத்தாந்தத்தை ஜாதி பேதம் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது முற்றும் சரியே. அடியேனுக்கு அதோடு இன்னொன்றும் தோன்றுகிறது. தோள் வேண்டியிருந்தது, ஆகவே பற்றிக்கொண்டார். பற்றிக்கொள்வதில் வெட்கப்படவில்லை, பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று நடையையும் நிறுத்தவில்லை. நம்மில் பலர் கைத்தடி பிடிக்க வெட்கப்பட்டு வீட்டோடு இருந்துவிடுகிறோம்.

அடியேனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போது 57 வயதாகிறது. எங்கள் ஸந்நிதியில் திருமஞ்சனத்துக்குக் கிணற்றிலிருந்து தீர்த்தம் எடுத்து வருவது எங்கள் குடும்பக் கைங்கர்யம். தகப்பனார் தம் எழுபத்தெட்டாவது வயதுவரை இறைத்துச் சுமந்தார். பத்து வருஷங்களுக்கு முன் மோட்டாரும் குழாயும் வந்தன. அடியேனும் ஸந்தோஷமாகக் குடத்தை இறக்கி வைத்தேன். மூன்றே வருஷத்தில் தண்டனிட்டால் எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியதாயிற்று. கர்ப்பக்ருஹத்துப் படி உயரமாகத் தெரிந்தது. எலும்பு வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம் கொஞ்சம்தான், தொடைத் தசைதான் வேலையில்லாமல் சோர்ந்துவிட்டது, மெல்ல மெல்ல வேலை கொடுங்கள் என்றார். வயது ஏற ஏற உபயோகிக்காத தசை விரைவில் கரையும் என்றும், முதியவர்களும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுறுசுறுப்பாக நடக்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறதென்றும், தடுமாறி விழாமலிருக்க நிற்பதையும் திரும்புவதையும்கூடப் பழக வேண்டுமென்றும் விளக்கினார். நாளொன்றுக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகிறது. பெரிய ப்ராகாரத்தை நாலைந்து முறை வலம் வந்தால் தீர்ந்தது. குழாய் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, காலையில் ஒரு சிறு குடம் மட்டும் அடியேன் கையால் இறைத்து எடுத்துவரத் தொடங்கினேன். முதல் மாதம் அரைக்குடம்தான். இப்போது முழுக்குடம். தண்டனிட்டு எழுந்திருக்கையில் கை ஊன்றுவது நின்றுவிட்டதென்று சொல்லமாட்டேன், குறைந்திருக்கிறது. ஆனால் ஒன்று. வருஷம் முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு, உத்ஸவத்தன்று ஒரே நாளில் மலையேறுகிறேன் என்று கிளம்புவது பக்தியல்ல. மார்பில் நோவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டே நடையைக் கூட்டவேண்டும். எம்பெருமானாரும் சாலைக்கிணற்றில் தொடங்கித்தான் டில்லிக்குப் போனார்.

இரண்டாவது காட்சி வடுகநம்பியுடையது. உடையவருக்காகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில் நம்பெருமாள் வீதியிலே எழுந்தருளினார். ஸேவிக்க வா என்று உடையவர் அழைத்தார். தாம் வெளியே வந்தால் தம்முடைய பெருமாளுக்கு வைத்த பால் பொங்கிப் போய்விடும் என்று வடுகநம்பி வரவில்லை. ஆசார்ய பக்திக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உடையவருடைய இரவு ஆகாரம் எவ்வளவு எளிமையாக இருந்திருக்கக்கூடும் என்பதும் இந்தப் பால் பாத்திரத்தில் தெரிகிறது. இளமையில் ஏழு வீட்டு மாதுகரம், முதுமையில் நேரத்தோடு காய்ச்சிய பால். பிறருடைய திருமேனி விஷயத்தில் அவர் காட்டிய கவனமோ அளவற்றது. நம்பெருமாளுக்கே ஒருமுறை நாவற்பழமும் தயிரன்னமும் அமுது செய்ததில் திருமுகம் வாடியிருப்பதைக் கண்டு, கஷாயம் ஸமர்ப்பிக்கச் செய்து, தந்வந்த்ரிக்கும் ஸந்நிதி ஏற்படுத்தினார் என்பது கோயில் வரலாறு. திருவரங்கம் செல்கிறவர்கள் தந்வந்த்ரி ஸந்நிதியை இன்றும் ஸேவிக்கலாம்.

நூறு பிராயம் கடந்த பின்பும் அவர் திருமலைக்கு எழுந்தருளினார் என்று திருமலை மரபு கூறும். தில்லையிலிருந்து அகற்றப்பட்ட கோவிந்தராஜனுக்கு அடிவாரத்தில் கோயில் அமைந்ததை 1130ஆம் ஆண்டு என்று கணக்கிடுவர். அப்படியானால் அவருக்கு அப்போது 113 ஆகிறது. திருப்பதியில் ரயிலிறங்கி அவஸரமாக மலைக்கு வண்டி பிடிக்கிறவர்கள் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு நிமிஷம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இதற்கிடையில் எழுபத்துநான்கு ஸிம்ஹாஸநாதிபதிகளை நியமித்து, திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி வ்யாக்யானத்தைத் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு எழுதுவித்து, பின்வரும் தலைமைக்குக் கூரத்தாழ்வானின் திருக்குமாரர் பராசர பட்டரை ஆக்கி வைத்தார். கால் ஓயும் முன் கைமாற்றவேண்டியதையெல்லாம் மாற்றிவிட்டார்.

திருமேனி தளர்ந்தது எப்போது என்றும் குருபரம்பரை சொல்கிறது. ஸ்ரீபெரும்பூதூரில் வைப்பதற்காக அவரைப் போலவே ஒரு திருமேனியைச் செய்வித்து அவர் முன் கொண்டுவந்தார்கள். அவர் அதை ஆலிங்கனம் செய்து அனுப்பினார். அங்கே தைப்பூசத்தன்று ப்ரதிஷ்டை நடந்து திருக்கண் திறந்த சமயத்தில், திருவரங்கத்தில் இருந்தவருக்குச் சோர்வு உண்டாயிற்று. தானுகந்த திருமேனி என்று இன்று நாம் ஸேவிப்பது அதையே. மேல்கோட்டையை விட்டு அவர் புறப்பட்டபோது பிரிவாற்றாத சிஷ்யர்களுக்காக அமைந்தது தமருகந்த திருமேனி. அவர் கால் நடந்துபோய்ப் பார்க்க முடியாத இடங்களில் இருப்பதற்கென்றே இவை இரண்டும் அமைந்தன போலும்.

1137ஆம் ஆண்டு, பிறந்தபோது இருந்த அதே பிங்கள வருஷம் இரண்டாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. மாக சுக்ல தசமி. சிஷ்யர்களையெல்லாம் அருகழைத்து, தம்மால் யாருக்கேனும் குறை நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். எம்பார் மடியில் திருமுடியையும், வடுகநம்பி மடியில் திருவடிகளையும் வைத்துக்கொண்டு திருநாடு அலங்கரித்தார். காஞ்சிக் கிணற்றுக்கும், திருக்கோஷ்டியூருக்கும், காச்மீரத்துக்கும், யாதவாத்ரிக்கும் நடந்த அந்தத் திருவடிகளை வடுகநம்பி அன்று மடியில் ஏந்திக்கொண்டிருந்தார்.

திருவரங்கம் பெரிய கோயிலில் அவர் பத்மாஸநத்தில் கால் மடித்து எழுந்தருளியிருக்கிறார். தானான திருமேனி என்பர். ஆண்டுக்கு இரு முறை, சித்திரையிலும் ஐப்பசியிலும், பச்சைக் கர்ப்பூரமும் குங்குமப்பூவும் அரைத்துச் சாத்துகிறார்கள்.